பிப்ரவரியில் செரெங்கெட்டி ஆற்றங்கரை முகாம்: ஐந்து லட்சம் தகுமா?

சிங்காநல்லூர் லேத்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 63. வீட்டம்மாவுக்கு வரும் ஜனவரி 31-ஆம் தேதியோடு வங்கி வேலை முடிகிறது. முப்பத்தெட்டு வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தே கழித்தவர். ஓய்வு பெற்றதும் எங்கே போகலாம் என்று கேட்டேன். காசி, ராமேஸ்வரம் என்பார் என்று நினைத்திருந்தேன். "டிவியில் ஒரு மாட்டுக் கூட்டம் ஆற்றில் குதிக்குமே, அதை நேரில் பார்க்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவராக வாய் திறந்து கேட்ட முதல் பயணம் இது.

ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தேன். டான்சானியாவில் செரெங்கெட்டி பூங்கா, அதன் வடகோடியில் கோகாடெண்டே என்ற இடம், மாரா ஆற்றங்கரையிலேயே சொகுசு முகாம். பிப்ரவரி 18 முதல் நாலு இரவு. ஒருவருக்கு ஓர் இரவுக்கு 780 டாலர், சாப்பாடு, ஜீப், கைடு எல்லாம் சேர்த்து. இரண்டு பேருக்குக் கூட்டினால் ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது, விமான டிக்கெட் தனி. "சீசனில் இதே கூடாரம் 1,400 டாலர் சார், உங்களுக்காகப் பேசி வாங்கியிருக்கிறேன்" என்கிறார். அவர் அனுப்பிய படத்தில் கூடாரத்துக்குள் பித்தளைக் குளியல் தொட்டி, அதற்குச் சிங்கக் கால் வேறு. கீழே 'மாபெரும் இடப்பெயர்ச்சிப் பாதையின் மேலேயே அமைந்த முகாம்' என்று எழுதியிருக்கிறது.

நான் பட்டறைக்காரன். விலை பாதியாகக் குறைந்தால் எங்கே நூல் விட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: அந்தக் குதிக்கிற காட்சி கிடைக்குமா? நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. வீட்டம்மாவுக்கு வலது முழங்கால் கொஞ்சம் தொல்லை. அதையும் மனதில் வைத்துச் சொன்னால் நல்லது.

நைரோபி கணக்கன்

சார், முன்பணம் கட்டாதீர்கள். பாதை மேல் இருக்கிறது என்பது பொய் இல்லை. ஆனால் தேர் போய் முடிந்த வீதியில் உங்களுக்கு மாடி வீடு பிடித்துக் கொடுக்கிறார்.

அந்தக் கூட்டம் வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே என்டூட்டு பக்கத்துப் புல்வெளி. ஏப்ரல், மே மாதங்களில் மெல்ல வடமேற்காக நகரும். ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆறு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆறு, ஒரு பகுதி கென்யா பக்கம் மசாய் மாராவுக்குள் வரும். நவம்பர் மழைக்கு மறுபடி தெற்கே இறங்கும். மழை முன்பின் ஆனால் இதெல்லாம் சில வாரம் தள்ளும். ஆனால் பிப்ரவரி 18-ஆம் தேதி அவை மாரா ஆற்றில் இருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொன்று, அது மாடும் இல்லை, நம் பத்திரிகைகள் எழுதுகிற மாதிரி காட்டெருமையும் இல்லை. பெயர் வில்டபீஸ்ட், மான் வகை. இங்கே ஸ்வாஹிலியில் நியூம்பு. எத்தனை இருக்கின்றன என்பதிலும் இப்போது சண்டை. விமானத்திலிருந்து எண்ணியவர்கள் பல வருடமாக 13 லட்சம் என்று சொல்லி வந்தார்கள். 2025-ல் செயற்கைக்கோள் படங்களைக் கணினியை வைத்து எண்ணிய ஒரு குழு ஆறு லட்சத்துக்கும் குறைவு என்றது. எது சரியோ, ஜீப்பில் நின்று பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆற்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்டு, செப்டம்பருக்குத் தள்ளுங்கள். கென்யாவின் மசாய் மாராவுக்கு வந்தால் ஜூலை முதல் டிசம்பர் வரை நுழைவுக் கட்டணம் மட்டுமே ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். மற்ற ஆறு மாதம் 100.

மலைக்காட்டான்

ஐந்து லட்சமா! மசினகுடியில் மூவாயிரம் ரூபாய்க்கு அறை கிடைக்கிறது. காலையில் எழுந்தால் வாசலில் யானை. எதற்கு இவ்வளவு தூரம்?

ராஜி, மதுரை

லேத் சார், நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் என் கதையை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். நானும் என் தங்கையும் போன வருடத்துக்கு முந்தின வருடம் பிப்ரவரியில் இதே கோகாடெண்டேயில் மூன்று இரவு, அப்புறம் என்டூட்டில் இரண்டு இரவு இருந்தோம். எங்கள் ஏஜென்ட்டும் 'பாதை மேல்' என்றுதான் சொன்னார். இரண்டு இடமும் பார்த்தவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வடக்கு. முகாம் அரண்மனைதான், குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கும் அந்தத் தொட்டி இருந்தது. முதல் நாள் சாயங்காலம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார்கள். ஆறு அமைதியாக ஓடுகிறது. நீர்யானைகள் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிடக்கின்றன. மணல்திட்டில் முதலைகள், வாயைப் பிளந்தபடி. கைடு எதிர்க்கரையைக் காட்டி, "ஆகஸ்டில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது" என்றார். என் தங்கை, "இப்போது என்ன மாதம் என்று அவருக்கு நினைவிருக்கிறதா?" என்று என் காதில் கேட்டாள். மூன்று நாளும் இப்படித்தான், இங்கே இப்படி இறங்கும், அங்கே அப்படி ஏறும் என்று. சிவராத்திரி முடிந்து ஆறு மாதம் கழித்துக் கோயிலுக்குப் போய் அர்ச்சகரிடம் கூட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்ட மாதிரி.

ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பாவம். அங்கேயே நிரந்தரமாக இருக்கிற யானை, டோபி மான், பாறைக் குன்றுகளில் வெயில் காய்கிற சிங்கம் எல்லாம் பார்த்தோம். வேறு ஜீப்பே கண்ணில் படவில்லை. கூட்டம் வேண்டாம், அமைதி போதும் என்கிறவர்களுக்கு அந்த விலைக்கு அது நல்ல பேரம்தான். உங்கள் வீட்டம்மா கேட்டது அது இல்லையே.

அப்புறம் தெற்கே போனோம். பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம், நடுவில் செரோனெராவில் இறங்கி ஏறியது. ஆளுக்கு 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்குகிற துணிப் பையில். சக்கரம் வைத்த பெட்டியைக் கொண்டுபோய்விட்டு அருஷாவில் நாங்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

விமானம் தாழ்ந்தபோது தரை முழுக்கக் கருப்பு மிளகைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. தங்கை புதர் என்றாள். புதர் நகர்ந்தது.

நான் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் 31 வருடம் வேலை பார்த்தவள். அதனால் இந்த இடத்தை என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். கைடு ஜீப்பை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கூட்டத்தில் ஒரு வில்டபீஸ்டை மட்டும் காட்டினார். அது படுத்தது, எழுந்தது, நாலு அடி நடந்தது, மறுபடி படுத்தது. வாலுக்கடியில் குட்டியின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகின்றன. எனக்குக் கை பரபரத்தது, பழக்க தோஷம். கடைசியில் எழுந்து நின்றபடியே போட்டுவிட்டது. பொத்தென்று விழுந்த குட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். குட்டி மூன்று முறை எழுந்து விழுந்து, ஏழாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. பத்து நிமிடத்துக்கெல்லாம் தாய் பின்னால் ஓடுகிறது. நம் குழந்தைக்கு ஒரு வருடம் ஆகிறது, அதையும் கொண்டாடுகிறோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் எங்களைச் சுற்றி ஐந்து பிரசவம் எண்ணினேன். சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் ஈனும் என்றார் கைடு. காரணமும் சொன்னார். கழுதைப்புலியும் சிங்கமும் சீட்டாவும் எவ்வளவுதான் தின்ன முடியும்? வயிறு நிறைந்துவிட்டால் மிச்சம் பிழைத்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகப் பிறந்தால் ஒன்றும் தேறாது. நஞ்சுக்கொடிக்காக நரிகள் காத்திருந்தன. தூரத்தில் ஒரு கழுதைப்புலி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது எங்கே போனது, எதைப் பிடித்தது என்பதையும் பார்த்தோம். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்கள் வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏன் குறிப்பாக அந்த இடம் என்று கேட்டேன். பக்கத்து எரிமலைகள் காலங்காலமாகக் கக்கிய சாம்பல் படிந்த மண் அது. ஓல் டோய்ன்யோ லெங்காய் என்று ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சாம்பலால் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கிற தாய்க்கு அதுதான் வேண்டும். அடியில் கல் மாதிரி இறுகிய ஒரு படிவம் இருப்பதால் மரம் வேர் பிடிப்பதில்லை, எனவே ஒளிந்து வருகிறவனைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம். சத்துணவும் பாதுகாப்பும் சேர்ந்த வார்டு. எங்கள் வார்டில் இரண்டில் ஒன்றுதான் ஒழுங்காக இருக்கும்.

தங்கிய இடத்தைப் பற்றி. என்டூட்டில் பெரும்பாலானவை நகரும் முகாம்கள். இந்த மாதங்களில் இங்கே அடிப்பார்கள், ஜூலை வாக்கில் பிரித்துக்கொண்டு வடக்கே போய்விடுவார்கள். சொகுசு என்றால் மெத்தை, கம்பளம், துவைத்து மடித்த துணி எல்லாம் உண்டு. சிங்கக்கால் தொட்டி கிடையாது. குளிக்க வேண்டும் என்று சொன்னால் கூடாரத்துக்குப் பின்னால் ஒருவர் இருபது லிட்டர் வாளியில் வெந்நீரை ஊற்றிக் கயிற்றால் மேலே ஏற்றுவார். உள்ளே ஷவராகக் கொட்டும். எங்கள் முகாமில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஒரு வாளி போதவில்லை, நடுவில் சோப்போடு நின்று கத்தினார்கள். நாங்கள் இரண்டு பேர் குளித்தும் மிச்சம். மதுரையில் வளர்ந்ததற்கு அங்கே ஒரு மரியாதை கிடைத்தது.

வேலி எதுவும் இல்லை. இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்குக்கூடத் தனியாக நடக்க விடமாட்டார்கள். டார்ச்சோடு ஒரு காவலர் வந்து கூட்டிப் போவார். இரவில் வில்டபீஸ்ட் கூட்டம் கூடாரத்தைச் சுற்றி மேய்ந்தது. அந்தச் சத்தம் மழைக்கு மறுநாள் கண்மாயில் தவளை கத்துமே, அதே. ஆனால் தவளை எருமை அளவு இருந்தால் எப்படியோ அப்படி. பன்னிரண்டு மணிக்கு மேல் சிங்கம் ஒன்று ஆரம்பித்தது. கேட்டால் பக்கத்தில்தான் என்று தோன்றும். நைட் டூட்டி பார்த்த எனக்கே தூக்கம் வரவில்லை. தங்கை என் கட்டிலுக்கு வந்துவிட்டாள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். அந்த நாடுகளில் குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக இருப்பதால் சைவம் என்றால் புரிகிறது. சப்பாத்தி அவர்கள் சாப்பாடாகவே ஆகிவிட்டது, பெயரும் சப்பாத்திதான். தேங்காய்ப்பாலில் பீன்ஸ் விதையை வேகவைத்து ஒன்று தருவார்கள், இரண்டாம் முறை கேட்டு வாங்கினோம். இஞ்சி தட்டிப் போட்ட டீயும் உண்டு. முட்டை இல்லை என்பதை மட்டும் புக் செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் ஆம்லெட்டோடு சிரித்துக்கொண்டே வருவார்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள், ஆனால் பிளாஸ்டிக் பையில் சுற்றாதீர்கள். டான்சானியாவில் 2019-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை.

முழங்கால் விஷயம். ஜீப்பில் ஏறுகிற படி உயரம். சின்ன ஸ்டூல் போடச் சொன்னால் போடுவார்கள். ஏறிவிட்டால் இறங்கவே விடமாட்டார்கள், அது ஒரு வசதி. ஆனால் குலுக்கல் உண்டு. நடு வரிசையில் உட்காரச் சொல்லுங்கள், கடைசி வரிசை ஆகாது. மார்ச் நெருங்கினால் மழையில் வண்டி புதையும், நாங்களே சேற்றில் நாற்பது நிமிடம் நின்றோம்.

கடைசியாக, உத்தியோக ரீதியாக ஒன்று. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல், கென்யா போல அந்த நோய்க்காக இந்தியா பட்டியலிட்டிருக்கிற நாடுகள் வழியாகத் திரும்பினால் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 தாண்டியவர்களுக்கு முதல் முறை போடும்போது பக்கவிளைவு கொஞ்சம் கூடுதலாக வரலாம். நீங்கள் இருவருமே அந்த வயது. உங்கள் மருத்துவரிடம் முழுச் சரித்திரத்தையும் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மலேரியா மாத்திரையும் அவரிடமே கேளுங்கள்.

அடர்நீலம், கருப்பு உடை வேண்டாம். செட்சே என்ற கடிக்கிற ஈ அந்த நிறங்களுக்கு வரும். வடக்கே போகும் வழியில் மரங்களில் நீலமும் கருப்புமாகத் துணி தொங்குவதைப் பார்த்து யாரோ வேண்டுதல் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிடப் போனேன். ஈக்கு வைத்த பொறியாம்.

மலைக்காட்டான்

ராஜி அம்மா, ஐந்து பிரசவத்துக்கு அப்புறம் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நைரோபி கணக்கன்

மலைக்காட்டான் மசினகுடியை இழுத்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வாசலில் யானை வருகிறது என்று பெருமைப்படுகிறோம். யானையின் வழியில் நாம் வாசல் வைத்துவிட்டோம் என்பதுதான் விஷயம். சீகூர் பகுதியில் யானை வழித்தடம் என்று தமிழக அரசு 2010-ல் அறிவித்ததை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அதில் எத்தனை விடுதிகள் மாட்டின என்று உங்களுக்கே தெரியும். இங்கேயும் அதே கதைதான். 2025-ல் மாராவில் சாண்ட் ஆற்றங்கரையில் ஒரு புதிய பெரிய சொகுசு முகாம் திறந்தபோது, விலங்குகள் செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் போய்வரும் வழியை மறிக்கிறது என்று மசாய் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் வழக்குப் போட்டார். வனவிலங்குத் துறை அப்படி இல்லை என்று மறுத்தது.

அதனால் 'பாதை மேலேயே' என்று விளம்பரத்தில் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பருவம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போகிற முகாம், இல்லையென்றால் மாராவை ஒட்டி மசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற நபோய்ஷோ, மாரா நார்த் மாதிரி இடங்கள் பரவாயில்லை. குத்தகைப் பணம் மாதாமாதம் அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது, கூடாரங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆகஸ்டில் மாரா ஆற்றங்கரையில் ஒரே துறையில் நாற்பது, ஐம்பது ஜீப் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இறங்க வந்த கூட்டம் ஜீப்புகளைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. ஆற்றைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

சிங்காநல்லூர் லேத்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, "பிப்ரவரியில் கூட்டம் எங்கே இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். "விலங்குகள் எல்லா இடத்திலும் இருக்கும் சார்" என்றார். நான் விடவில்லை. என்டூட்டு என்ற பெயரைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "அது நீங்கள் கேட்கவில்லையே சார்" என்கிறார். வேறு ஒருவரிடம் என்டூட்டில் நகரும் முகாம், நாலு இரவு, விலை கேட்டிருக்கிறேன். முதல் விலையைவிட அறுபது டாலர் கூட வருகிறது. அங்கே பாதி இடம் செரெங்கெட்டி, பாதி இடம் ங்கோரோங்கோரோ நிர்வாகம் என்பதால் இரண்டின் கட்டணமும் விலைக்குள் அடக்கமா என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ராஜி மேடம் எழுதியதை வீட்டம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏழு நிமிடம் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். "ஆற்றில் குதிப்பதை டிவியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவரே சொல்லிவிட்டார். எனக்குத்தான் அந்தப் பித்தளைத் தொட்டியை விட மனசில்லை, வார்ப்பு நல்ல வேலைப்பாடு.

ஒரே ஒரு சந்தேகம். கதவில்லாத கூடாரத்தில் விடியற்காலையில் எப்படி எழுப்புவார்கள்? வீட்டம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ராஜி, மதுரை

அறுபது டாலர் அதிகம் ஆனாலும் சரியான இடத்துக்குப் போகிறீர்கள் லேத் சார். ஐந்தரை மணிக்கு வெளியே வந்து நின்று "ஹோடி" என்பார்கள். கதவைத் தட்டுவதற்குப் பதில் அங்கே அப்படித்தான். உள்ளிருந்து "கரிபு" என்று குரல் கொடுத்தால்தான் ஜிப்பைத் திறந்து டீயை வைப்பார்கள். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதல் நாள் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தோம். அவர் பாவம், இருட்டில் பத்து நிமிடம் டீயோடு நின்றார்.